ரத்தம் ஏற்றாமல் சிகிச்சை, ரத்தம் ஏற்றாமல் அறுவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் வீட்டில் ரத்தம் பற்றிய பேச்சு வந்தே தீரும். எத்தனை யூனிட், யார் கொடுப்பது, ஏற்றாமலே முடிக்க வழியில்லையா என்று. இப்படி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக. இது பொது விளக்கம்தான். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரத்தம் ஏத்தாம பெரிய ஆபரேஷன் பண்ண முடியுமா? உண்மையாவே?

முடியும். இடுப்பு மூட்டு மாற்று, கர்ப்பப்பை அகற்றுதல், குடல் அறுவை, இதய அறுவை, ஏன், கல்லீரல் மாற்று அறுவைகூட ரத்தம் ஏற்றாமல் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டென்டன் கூலி என்ற இதய அறுவை நிபுணர், ரத்தம் ஏற்க மறுத்த நோயாளிகளுக்குச் செய்த 542 அறுவைகளைப் பற்றி 1977-இல் தன் சகாவோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். பிறந்து ஒரு நாளான குழந்தையிலிருந்து 89 வயது முதியவர் வரை அதில் இருந்தார்கள். இறந்தவர்களும் உண்டு. ஆனால் ரத்த இழப்பே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் மூன்று பேர்தான்.

'முடியும்' என்பதற்கு 'எல்லோருக்கும், எப்போதும் முடியும்' என்று பொருள் இல்லை. அறுவைக்கு முன்னால் எவ்வளவு அவகாசம் இருக்கிறது, உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு, எவ்வளவு ரத்தம் போகக்கூடிய அறுவை, செய்யும் குழுவுக்கு இதில் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் பொறுத்தது. பெரும்பாலானோர் ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விஷயத்தில் பாதிக்கு மேல் அதற்கு முந்தைய வாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இது ஒரு மதத்துக்காரங்க சமாச்சாரம்தானே? எங்களுக்கு எதுக்கு?

ஆரம்பம் அங்கேதான். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ரத்தத்துக்கு விலகியிருக்கும்படி பைபிளில் சொல்லியிருப்பதை ரத்தம் ஏற்றிக்கொள்வதற்கும் பொருத்தி, 1945-லிருந்து அதை மறுத்து வருகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற வழி தேடிய மருத்துவர்கள்தான் இந்த உத்திகளில் பலவற்றை வளர்த்தெடுத்தார்கள்.

அந்த உத்திகள் மற்ற நோயாளிகளுக்கும் நல்லது என்பது பிறகு தெரிந்தது. நோயாளியின் சொந்த ரத்தத்தைப் பேணிக் காப்பதை ஒரு கொள்கையாகவே உலக சுகாதார நிறுவனம் 2010-இல் தன் தீர்மானத்தில் சேர்த்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2008-இல் அப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். அங்கே நான்கு பெரிய மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் முடிவு வெளியானது. ரத்தப் பொருட்களின் பயன்பாடு 41 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவமனையில் நேரும் இறப்பும் 28 சதவீதம் குறைந்திருந்தது. இறப்பு குறைந்ததற்கு இந்தத் திட்டம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ரத்தத்தைக் குறைத்ததால் நோயாளிகளுக்குக் கெடுதல் நேரவில்லை என்பது தெளிவு. எனவே மதக் காரணம் எதுவும் இல்லாதவரும் இதைக் கேட்டுப் பெறலாம், பெற வேண்டும் என்பது என் கருத்து.

ரத்தம் ஏத்துறதுல அப்படி என்ன கெடுதல் இருக்கு? உயிரைக் காப்பாத்துறதுதானே அது?

ஆம், காப்பாற்றுகிறது. ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதற்கு ஈடான மருந்து இன்றும் கிடையாது. ரத்த தானம் செய்பவர்களின் மேல் எனக்குள்ள மரியாதை இந்தப் பக்கத்தின் எந்த வரியாலும் குறையாது.

ஆனாலும் இன்னொருவர் உடம்பிலிருந்து வரும் உயிருள்ள பொருள் அது. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகளைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். முறையாகச் சோதித்த ரத்தத்தில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. அதைவிட அதிகம் நடப்பவை வேறு. பலவீனமான இதயமுள்ளவருக்கு வேகமாக ஏற்றி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று. தானம் தந்தவரின் எதிர்ப்புப் பொருட்களால் நுரையீரல் பாதிக்கப்படுவது இன்னொன்று. பெயர் மாறி, வேறு குரூப் ரத்தம் ஏறிவிடும் மனிதத் தவறும் உண்டு. அதனால் தேவைப்படும்போது தயங்காமல், தேவையில்லாதபோது 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஏற்றாமல் இருப்பதே நல்ல மருத்துவம்.

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனா ரத்தம் ஏத்தியே ஆகணும்னு சொல்றாங்களே?

அது பழைய கணக்கு. பல பத்தாண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தார்கள். 1999-இல் கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரை வைத்து நடந்த ஆய்வு அதை அசைத்தது. ஒரு பிரிவுக்கு 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம், இன்னொரு பிரிவுக்கு 10-க்குக் கீழே போனாலே ரத்தம். முப்பது நாளில் இறந்தவர்கள், குறைவாக ஏற்றிய பிரிவில் 18.7 சதவீதம், அதிகமாக ஏற்றியதில் 23.3 சதவீதம். புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை என்றாலும், 10 என்ற எல்லைக்கு ஆதாரம் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. வயிற்றுப் புண் போன்றவற்றால் ரத்தம் கக்கியவர்களிடம் 2013-இல் வெளியான ஆய்வில், 7 வரை பொறுத்துப் பார்த்த பிரிவினரே அதிகம் பிழைத்தார்கள்.

இப்போது நிலையாக இருக்கும் பெரும்பாலான நோயாளிகளுக்கு 7, இதய நோய் உள்ளவர்களுக்கும் எலும்பு அறுவை செய்தவர்களுக்கும் 8 என்பது பரவலான அளவு. மாரடைப்பு வந்தவர்கள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அவர்கள் 3,504 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. 10-க்கு மேலே வைத்திருந்த பிரிவுக்கே சற்றுச் சாதகமாகத் தெரிந்தது. ஆக, எண்ணை மட்டும் பார்த்து ஏற்றுவதும் தவறு, எண்ணை மட்டும் பார்த்து மறுப்பதும் தவறு. மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, படபடப்பு இருக்கிறதா, ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு ஒரு மாசம் இருக்கு. இப்போ நாங்க என்ன பண்ணணும்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. கேட்பவர்கள் குறைவாக இருப்பதுதான் வருத்தம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உடம்பில் 4 லிட்டர் ரத்தம் உள்ள ஒருவர் அறுவையில் மெல்ல மெல்ல 1.2 லிட்டர் இழக்கிறார், அந்த இடத்தை ட்ரிப்ஸ் திரவத்தால் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 13 இருந்து தொடங்கியவருக்கு அது சுமார் 9.6-க்கு வரும். எழுந்து நடப்பார், ரத்தம் என்ற பேச்சே வராது. 10 இருந்து தொடங்கியவருக்கு அதே அறுவை, அதே இழப்பு, ஆனால் சுமார் 7.4 ஆகிவிடும். அறுவை செய்தவரின் திறமையில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது தொடக்கம் மட்டும்தான்.

ரத்தசோகை என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு ஆண்களுக்கு 13-க்குக் கீழே, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே (நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5). ஆனால் பெரிய அறுவைக்குப் போகும்போது ஆண், பெண் இருவருக்குமே 13 வேண்டும் என்று 2017-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பெண்களின் உடம்பில் பொதுவாக ரத்தத்தின் மொத்த அளவு குறைவு. அதே அறுவையில் அதே அளவு இழந்தால் அவர்களுக்குத்தான் அடி பெரிது. 'பொம்பளைக்கு 11 இருந்தா போதும்' என்று விடுவது சரியில்லை.

அடுத்தது காரணம். முழு ரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டின் அளவும் பாருங்கள். அது 30-க்குக் கீழே என்றால் உடம்பில் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். பி12, ஃபோலேட், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் தேவைக்கேற்பப் பார்ப்பார்கள். இரும்பு ஏன் குறைந்தது என்று தேடுவதை விட்டுவிடாதீர்கள். அதிகமான மாதவிடாய், மூலம், குடல் புண், சில சமயம் குடல் புற்றுநோய்கூட இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

இரும்பு மாத்திரை போதுமா, இல்ல ஊசி போடணுமா?

இரண்டு மாதம் கையில் இருந்தால் மாத்திரையிலேயே நல்ல பலன் கிடைக்கலாம். தினமும் போடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு அதிக இரும்பை எடுத்துக்கொள்வதாக, இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்றுத் தொல்லையும் குறையும். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். அவை இரும்பைச் சேரவிடாது.

மூன்று நான்கு வாரம்தான் இருக்கிறது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது குடலில் அழற்சி இருக்கிறது என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். இப்போதைய மருந்துகளில் சிலவற்றை ஒரே தடவையில் ஆயிரம் மில்லிகிராம் வரை கால் மணி நேரத்தில் செலுத்திவிடலாம். ஒவ்வாமை அரிதாக வரும் என்பதால் மருத்துவமனையில்தான் போட வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய வயிற்று அறுவைக்கு முன்னால் இரும்பு ஏற்றிப் பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. அதில் ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை. ஹீமோகுளோபின் என்னவோ ஏறியது, அறுவைக்குப் பிந்தைய வாரங்களிலும் நன்றாக இருந்தது. ஆகவே இரும்பு ஊசியை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிட முடியாது. எல்லாம் சேர்ந்தால்தான் பலன்.

ரத்தம் ஊற ஒரு ஊசி இருக்காமே, அதைப் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

எரித்ரோபாய்டின் ஊசியைத்தான் கேட்கிறீர்கள். சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் இது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உருவாக்கச் செய்யும். சில நாளில் புது அணுக்கள் தலைகாட்டும், ஹீமோகுளோபின் கண்ணுக்குத் தெரிய ஏற ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரும்பு இல்லாமல் இது வேலை செய்யாது, அதனால் இரண்டையும் சேர்த்தே தருவார்கள். ரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தைக் கூட்டும் மருந்து என்பதால் பக்கவாதம், மாரடைப்பு, கால் நரம்பில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு மிகவும் யோசித்தே தருவார்கள். புற்றுநோயாளிகளுக்கும் அப்படியே.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன். நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை அறுவைக்குச் சுமார் ஐந்து நாள் முன்னால் நிறுத்துவது வழக்கம். ஆனால் அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரோ செயற்கை வால்வு உள்ளவரோ நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதய மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் மூவரும் பேசி எழுதிக் கொடுக்கட்டும். வலி மாத்திரை, மீன் எண்ணெய், மூலிகை மருந்து என்று நீங்களாக எடுத்துக்கொள்வதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றிலும் சில ரத்தக் கசிவைக் கூட்டும்.

ஆபரேஷன் நடக்கும்போது ரத்தம் போகாம எப்படிப் பாத்துக்கிறாங்க?

பெரிய மந்திரம் எதுவும் இல்லை, பல சின்னச் சின்ன கவனங்கள். சிறு துளை வழியே செய்ய முடிந்ததை அப்படியே செய்வது, வெட்டும்போதே ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவிகள், கசியும் இடத்தில் ஒட்டும் பசைகள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் சற்றுத் தாழ்த்தி வைப்பது, ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதை இரண்டு கட்டமாகப் பிரிப்பது என்று. உடம்புச் சூடு குறைந்தால் ரத்தம் உறைவது கெடும் என்பதால், சூடான காற்றுப் போர்வை போர்த்தி, ஏற்றும் திரவத்தையும் சூடாக்கித் தருவார்கள். பார்ப்பதற்கு ஏதோ வசதிக்காகச் செய்வதுபோல் இருக்கும். உண்மையில் அது ரத்தம் காக்கும் வேலை.

மருந்து என்றால் டிரானெக்ஸாமிக் ஆசிட்டைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதி 1960-களின் தொடக்கத்தில் உலகுக்குத் தந்தது. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துபோகாமல் தடுக்கும். விபத்தில் சிக்கிய 20,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வில் இறப்பைக் குறைப்பது தெரியவந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூட்டு மாற்று, இதய அறுவைகளில் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் அறுவையில் இதைக் கொடுப்பார்களா என்று தாராளமாகக் கேளுங்கள்.

சிந்துன ரத்தத்தையே திரும்ப நமக்கு ஏத்துற மெஷின் இருக்காமே?

இருக்கிறது. 'செல் சேவர்' என்று சொல்வார்கள். காயத்தில் தேங்கும் ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் நுனியிலேயே உறையாமல் தடுக்கும் மருந்து சொட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் ஒரு தொட்டியில் வடிகட்டிச் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு கிண்ணத்துக்குள் போய் மிக வேகமாகச் சுழலும். கனமான சிவப்பணுக்கள் ஓரத்தில் ஒதுங்கும், கொழுப்பும் உடைந்த அணுக்களும் மருந்தும் உப்புநீரோடு கழுவப்பட்டுக் கழிவுப் பைக்குப் போகும். மிஞ்சுவது அடர்சிவப்பில் ஒரு சிறு பை. அது உங்களுடைய ரத்தம், உங்களுக்கே திரும்பும். கழுவும்போது பிளேட்லெட்டும் உறையவைக்கும் பொருட்களும் போய்விடுவதால் இது சிவப்பணுவை மட்டுமே மீட்கும். குடல் கழிவு கலந்த இடத்திலும் சீழ் உள்ள இடத்திலும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். புற்றுநோய் அறுவையில் தனி வடிகட்டி வைத்துச் சில இடங்களில் செய்கிறார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. மயக்கம் கொடுத்தவுடன் ஒன்றிரண்டு பை ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் திரவம் ஏற்றிவிடுவார்கள். அறுவையில் சிந்துவது நீர்த்த ரத்தம். முடியும் தறுவாயில் எடுத்துவைத்த நல்ல ரத்தத்தைத் திருப்பித் தருவார்கள். சில வாரம் முன்னாலேயே சொந்த ரத்தத்தை எடுத்துச் சேமித்து வைக்கும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. அப்படி எடுப்பதே ரத்தசோகையில் கொண்டுபோய் விடுவதால் இப்போது அதிகம் பரிந்துரைப்பதில்லை.

செயற்கை ரத்தம்னு ஒண்ணு கண்டுபிடிச்சிட்டாங்களே, அதைக் குடுக்கலாமே?

இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஃபுளுயோசால் என்ற ஆக்சிஜன் ஏந்தும் திரவத்துக்கு 1989-இல் அமெரிக்காவில் இதயக்குழாய் சிகிச்சையோடு பயன்படுத்த அனுமதி கிடைத்து, 1994-இல் விற்பனை நின்றுபோனது. மாட்டு ஹீமோகுளோபினிலிருந்து செய்த ஹீமோப்யூருக்குத் தென்னாப்பிரிக்கா 2001-இல் அனுமதி தந்தது. இந்த வகை மருந்துகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மாரடைப்பும் இறப்பும் கூடுவதாகத் தெரிந்ததால், பெரும்பாலான நாடுகளில் அவை புழக்கத்துக்கு வரவில்லை.

உப்புநீர், ரிங்கர் லாக்டேட் போன்றவை ரத்தத்துக்கு மாற்று அல்ல. அவை குழாய்களை நிரப்பி ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றும், ஆக்சிஜனை ஏந்தாது. ஆனால் ஓட்டம் இருந்தால் மிச்சமுள்ள சிவப்பணுக்களே வேகமாகச் சுற்றி வந்து வேலையைச் சமாளிக்கும். இதயம் நன்றாக உள்ளவர்கள் குறைந்த ஹீமோகுளோபினைத் தாங்குவது இதனால்தான்.

ரத்தம் வேண்டாம்னா அல்புமின், பிளாஸ்மா எல்லாமே வேண்டாம்னு அர்த்தமா?

இதில்தான் பெரிய குழப்பம் நேர்கிறது. யெகோவாவின் சாட்சிகள் முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட், பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஆகியவற்றை மறுப்பார்கள். அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின், இம்யூனோகுளோபுலின் போன்ற புரதங்களையும் உறையவைக்கும் காரணிகளையும் ஏற்பதா இல்லையா என்பது ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கு விட்டது. செல் சேவர் மாதிரி முறைகளிலும் ஆளுக்கு ஆள் முடிவு மாறும். எனவே 'இவர் இன்ன மதம், அதனால் இதெல்லாம் வேண்டாம்' என்று மருத்துவக் குழு தானாக ஊகிக்கக் கூடாது, குடும்பமும் ஊகிக்கக் கூடாது.

மறைந்திருக்கும் இடங்களும் உண்டு. சில ஒட்டும் பசைகள் மனித பிளாஸ்மாவிலிருந்து வருபவை. ஆர்.எச். நெகட்டிவ் தாய்மார்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசியும் அப்படியே. எரித்ரோபாய்டினில் சில தயாரிப்புகளில் அல்புமின் கலந்திருக்கும். ஒவ்வொரு பெயரையும் எழுதி, எதிரே சரி, வேண்டாம் என்று நோயாளியே குறித்துத் தருவதுதான் பாதுகாப்பு.

ஆபரேஷன் முடிஞ்சப்புறம் ஹீமோகுளோபின் 5-க்குப் போயிட்டா என்ன ஆகும்?

ஆபத்துதான், மழுப்பக் கூடாது. ரத்தம் மறுத்த 300 அறுவை நோயாளிகளின் நிலையை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் 7.1 முதல் 8 வரை இருந்தவர்களில் யாரும் இறக்கவில்லை. 4.1 முதல் 5 வரை இறங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் இறந்தார்கள். அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், அந்த நிலையிலும் பெரும்பாலோர் பிழைத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் செய்வது இரண்டு. ஆக்சிஜன் தேவையைக் குறைப்பது, வரத்தைக் கூட்டுவது. காய்ச்சலையும் வலியையும் அடக்குவார்கள், தேவைப்பட்டால் மயக்கத்தில் வைத்துச் செயற்கை சுவாசம் தருவார்கள். ஆக்சிஜனைக் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஆம்ஸ்டர்டாம் அறுவை நிபுணர் இட்டே போரெமா, 1960 வாக்கில், ஏறக்குறைய சிவப்பணுவே இல்லாத பன்றிகளை உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் உயிரோடு வைத்துக் காட்டினார். அந்த அறை வசதி உள்ள சில இடங்களில் கடும் ரத்தசோகைக்கு இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கூடவே முன்பு சொன்ன இரும்பும் எரித்ரோபாய்டினும் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம், பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தம். ஐ.சி.யூ.வில் தினமும் 40 முதல் 70 மில்லி வரை அதற்கே போய்விடலாம். ஒரு வாரத்தில் அரை லிட்டரை நெருங்கிவிடும். குழந்தைகளுக்கு எடுப்பதுபோல் சிறிய குழாயில் எடுத்தாலே போதும். கனடாவில் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்துபார்த்து 2023-இல் வெளியிட்டார்கள், சோதனைக்கு ரத்தம் போதாமல் போகவில்லை. 'தினமும் இத்தனை சோதனை தேவையா, சின்னக் குழாயில் எடுக்க முடியுமா' என்று கேட்பது உறவினர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி.

பிரசவத்துல ரத்தப்போக்கு வந்தா ரத்தம் ஏத்தாம சமாளிக்க முடியுமா?

சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முடியும். கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது இழப்பைக் குறைத்தே சொல்லிவிடுகிறோம், தாய்மார்கள் நிலைகுலைவது அதனால்தான். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பாதி மருத்துவமனைகளில் ஓர் எளிய மாற்றம் செய்தார்கள். தாயின் கீழே, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்புப் பை. ரத்தம் அதில் வடிந்து கோட்டைத் தொட்டதும் காத்திருக்காமல் கர்ப்பப்பை மசாஜ், ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், திரவம், பரிசோதனை எல்லாம் ஒன்றாகத் தொடங்கின. வழக்கமான முறையைப் பின்பற்றிய மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால், கடுமையான ரத்தப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. 2023-இல் வெளியான முடிவு இது.

அதற்கும் நிற்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் பலூன், இறுக்கித் தையல், ரத்தக்குழாயை அடைப்பது, கடைசியாகக் கர்ப்பப்பையை அகற்றுவது என்று படிப்படியாகப் போகும். ரத்தம் வேண்டாம் என்ற தாய்க்கு இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போட நேரம் இருக்காது. இதைப் பிரசவ வலி வருமுன்பே கணவன் மனைவி இருவரிடமும் பேசிவிட வேண்டும். கர்ப்ப காலத்திலேயே இரும்பைச் சரிசெய்வது பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

டெங்குல பிளேட்லெட் 20,000-க்குக் கீழே போனா ஏத்தணும்தானே?

ரத்தக் கசிவு இல்லாதவருக்கு, எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்றுவதால் பலன் தெரியவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த 372 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் ஏற்றியதால் கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. 2017-இல் வெளியானது. திரவத்தைச் சரியாகக் கொடுத்துக் கண்காணிப்பதே டெங்கு சிகிச்சையின் உயிர்நாடி. கசிவு தொடங்கிவிட்டால் கதை வேறு.

எந்த நோய்க்கு இது ஒத்துவராது?

கடுமையான ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் தீவிர மருந்து, மஜ்ஜையைச் சில வாரம் முழுக்க முடக்கிவிடும். அந்தக் காலத்தைச் சிவப்பணுவும் பிளேட்லெட்டும் இல்லாமல் கடப்பது மிகக் கடினம். தலசீமியா மேஜர் என்ற, பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோயுள்ள குழந்தைகள் வளர்வதே ஏற்றும் ரத்தத்தால்தான். பெரிய விபத்தில் நிமிடத்துக்கு நிமிடம் ரத்தம் கொட்டும்போது மேலே சொன்ன முன்னேற்பாடு எதற்கும் அவகாசம் கிடையாது. இந்த இடங்களில் ரத்தம் வேண்டாம் என்று முடிவெடுப்பவர், அதன் விலை உயிராக இருக்கலாம் என்று தெரிந்தே எடுக்க வேண்டும்.

நான் வேண்டாம்னு சொல்றேன், சரி. என் குழந்தைக்கும் நான் அப்படிச் சொல்லலாமா?

புத்தி தெளிவாக உள்ள பெரியவர் தனக்கு வேண்டாம் என்று சொல்வதைப் பல நாட்டுச் சட்டங்கள் மதிக்கின்றன. குழந்தை விஷயத்தில் அப்படி இல்லை. உயிர் போகும் நிலையில் பெற்றோரின் மறுப்பை மீறி ரத்தம் ஏற்ற நீதிமன்றங்கள் அனுமதி தருவது பல நாடுகளில் நடக்கிறது. தானாக முடிவு சொல்ல இன்னும் வளராத உயிர் என்பதால், அதைக் காப்பதே முதல் கடமை என்று நானும் நினைக்கிறேன். பதின்ம வயதினர் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். எதுவானாலும் ரத்தமில்லாத வழிகளை முழுதாக முயன்று பார்க்கும்படி பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை.

மயக்கத்துல கிடந்தா யார் முடிவு பண்றது?

முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட தாள் இருந்தால் அது உங்கள் குரல். கனடாவின் ஒன்டாரியோவில் விபத்தில் நினைவிழந்து வந்த ஒரு பெண்ணின் பையில் ரத்தம் வேண்டாம் என்ற அட்டை இருந்தது. அதைப் பார்த்த பிறகும் மருத்துவர் ரத்தம் ஏற்றினார். அந்தப் பெண் பிழைத்து வழக்குப் போட்டார், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஸ்பெயினில் எழுத்து மூலம் மறுத்திருந்தும் ரத்தம் ஏற்றப்பட்ட ஒருவரின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024-இல் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று சொன்னது.

தாள் எதுவும் இல்லை, கேட்க நேரமும் இல்லை என்றால் மருத்துவர் உயிரைக் காக்கும் வழியில்தான் போவார், போக வேண்டும். 'அவருக்குப் பிடிக்காதுன்னு நினைக்கிறேன்' என்று உறவினர் சொல்வது அந்த நிமிடத்தில் பெரிதாக எடுபடாது.

டாக்டர் "ரத்தம் இல்லாம நான் கத்தியைத் தொடமாட்டேன்"னு சொல்லிட்டாரு. இப்போ என்ன பண்றது?

கோபப்படாதீர்கள். தன்னால் பாதுகாப்பாகச் செய்ய முடியாததை முடியாது என்று சொல்வது ஒரு மருத்துவரின் நேர்மைதான். வேறு யாரிடம் போகலாம் என்று அவரிடமே கேளுங்கள். அடுத்தவரிடம் போகும்போது வெறுமனே 'முடியுமா' என்று கேட்டுவிட்டு வராதீர்கள். இந்த அறுவையில் உங்கள் கையில் வழக்கமாக எவ்வளவு ரத்தம் போகும், என் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தால் தொடங்குவீர்கள், செல் சேவர் இருக்கிறதா, நள்ளிரவில் ரத்தம் கசிந்தால் மறுபடி திறந்து பார்க்க யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. ரத்தம் ஏற்றாத நோயாளிக்கு, 'காலையில் பார்க்கலாம்' என்று காத்திருப்பது ஆகாது.

எழுதிக் குடுத்தாச்சு. ஆனா கடைசி நேரத்துல பயமா இருந்தா மாத்திக்கலாமா?

எந்த நொடியிலும் மாற்றிக்கொள்ளலாம். வாயால் சொன்னாலே போதும், தாள் செல்லாததாகிவிடும். மாற்றியதற்காக மருத்துவக் குழு உங்களைக் குறைத்துப் பேசக் கூடாது. மாற்றாமல் உறுதியாக இருந்ததற்காகவும் சிகிச்சையில் அக்கறை குறையக் கூடாது.

ஒரே ஒரு யோசனை. அறுவைக்கு முந்தின நாள் உறவினர் யாரும் இல்லாமல் மருத்துவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். வீட்டாருக்காகவோ சபையாருக்காகவோ ரத்தம் வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள், வீட்டாரின் வற்புறுத்தலால் வேண்டும் என்றவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் சொல்வதை மருத்துவர் உங்கள் கோப்பில் எழுதி, நேரத்தோடு கையெழுத்துப் போட வேண்டும். அதன் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.